கார் சாவியைத் திருப்பினா ‘டிக்’ சத்தம் மட்டும் வருதா? ஸ்டார்ட்டர் மோட்டார் மேல பழி போடாதீங்க

கடலூரில் தேவனாம்பட்டினம், துறைமுகம் பக்கம் நிற்கிற பழைய கார்களில் உப்புக்காத்து முதலில் தின்பது எர்த் வயரைத்தான் (பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போற வயர்). வயர் முனையில் இருக்கிற லக்கில் (போல்ட் மாட்டும் வளையம்) பச்சை பூத்திருக்கும். வோல்ட்டில் வைத்த மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில்; இன்னொருத்தர் செல்ஃப் அடிக்கட்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில். அந்நேரம் பேட்டரியே 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்க.

ரெண்டும் சரின்னா மோட்டாரைக் கழட்டலாம். நெகட்டிவ் வயர்தான் முதலில் கழட்டணும், கடைசியில் மாட்டணும். பல நேரம் தேய்ந்திருப்பது உள்ளே கரன்ட் கடத்தும் கார்பன் பிரஷ்ஷும், தண்டைத் தாங்கும் புஷ்ஷும் மட்டும். முழு மோட்டாரையே மாத்துறது தண்டச்செலவு.

மாட்டும்முன், மோட்டார் கடித்துச் சுற்றும் ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுற்றும் சக்கரம்) பல்லைச் சுற்றிப் பாருங்க. இன்ஜின் எப்பவும் சில இடங்களில்தான் வந்து நிற்கும், அங்கேதான் பல் தேயும். மோட்டார் உட்காரும் முகத்தில் துரு, பெயின்ட் இருந்தால் எமரித்தாளால் தேய்ச்சிடுங்க. மோட்டாருக்கு எர்த் அந்த வழியாத்தான்.