ஒரே துயரம், இரண்டு ஊடகங்கள்

ஒரு கலைப்படைப்பைப் பார்க்கும்போது, அதைத் தூண்டியது எது என்பதோடு, அந்தத் தூண்டுதல் ஏன் இந்த ஊடகத்தைத் தேர்ந்துகொண்டது என்பதையும் நான் கேட்டுக்கொள்வதுண்டு. அந்தக் கேள்வி என்னை மீண்டும் மீண்டும் ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்சிடம் கொண்டுசேர்க்கிறது.

1914 அக்டோபரில் அவருடைய இளைய மகன் பீட்டர் பெல்ஜியப் போர்முனையில் உயிரிழந்தான். மகனுக்கு ஒரு நினைவுச்சின்னம் வடிக்கத் தொடங்கிய அந்தத் தாய், பலமுறை கைவிட்டும் மறுபடி தொடங்கியும், 1932இல்தான் அதை நிறைவு செய்தார். மண்டியிட்டிருக்கும் தந்தையும் தாயுமாகக் கருங்கல்லில் அமைந்த அவ்விரு உருவங்களும் தனித்தனிப் பீடங்களில், ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன. அந்த இடைவெளியையே நான் சிற்பத்தின் மூன்றாவது உருவமாகக் காண்கிறேன்.

இதற்கிடையில், செதுக்கோவியத்திலும் (உலோகத் தகட்டில் கீறி அச்சிடுவது) கல்லச்சிலும் (கல்லில் வரைந்து அச்சிடுவது) தேர்ந்திருந்த அவர், 1920இல் ஜெர்மானியச் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளை, அதாவது மரப்பலகையைச் செதுக்கி மையிட்டு எடுக்கும் அச்சுகளை, கண்டபின் அந்த ஊடகத்தைக் கைக்கொண்டு, போரைப் பற்றி ஏழு அச்சுகள் கொண்ட வரிசையை உருவாக்கினார். மரத்தில் உளி அகற்றிய பகுதி தாளில் வெண்மையாகவே நின்றுவிடும். மென்மையான சாயல்களுக்கு அங்கே இடமில்லை. அவருடைய துக்கத்துக்கு அந்தக் கடுமை தேவைப்பட்டது என்றே நம்புகிறேன்.