துச்சாதனன் வேஷம்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் கூத்துப் பயிற்சி, இரண்டாவது வாரம். சென்னையில் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமியும் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப தம்பிரானும் சேர்ந்து வேலை செய்த காலத்திலிருந்தே பட்டணத்து நாடகக்காரர்கள் இந்தப் பக்கம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நான் கொஞ்சம் லேட். வயது 46, முழங்கால் வலி வேறு. கிறிக்கி அடிக்க, அதாவது சுழன்று ஆட, சொன்னார் வாத்தியார். மூன்றாவது சுற்றில் வைக்கோல்போர், வேப்பமரம், வாத்தியார் எல்லாம் ஒன்றாகிவிட்டன. பத்து வருஷமாக மேடையில் நடிக்கிறேன் என்று முதல் நாள் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 12, சனி

எனக்குத் துச்சாதனன். பாஞ்சாலி வேஷம் கட்டுபவர் விவசாயி, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். துகிலுரிதல் ஒத்திகையில் நான் இழுத்த இழுப்பில் மனிதர் குப்புற விழுந்தார். முழங்கை சிராய்த்துவிட்டது. ஆர்மோனியம் நின்றது.

"இது என் பொண்டாட்டி புடவை தம்பி. கிழிஞ்சா நீதான் வந்து பதில் சொல்லணும்" என்றார், மண்ணைத் தட்டிக்கொண்டே.

வாத்தியார் சிரிக்கவில்லை. "நீ இழுக்கவே கூடாதுப்பா. அவரு சுத்திச் சுத்திக் கொடுப்பாரு. நீ வாங்கிக்கணும். கோபத்தைத் தோளுல காட்டு, காலுல காட்டு. கை சும்மா இருக்கட்டும்."

இது எனக்குத் தெரியாததா? மேடையில் அறை வாங்குகிறவர்தான் அந்த அறையை நடத்துகிறார். அடிக்கிறவர் கூடவே போகிறார், அவ்வளவுதான். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முந்தானை கையில் வந்ததும் மறந்துபோனது.

ஏப்ரல் 16, புதன்

மகள் ப்ளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். கெமிஸ்ட்ரி எப்படி, எவ்வளவு வரும், அப்புறம் என்ன படிக்கப்போகிறாய் என்று நான் தினமும் கேட்பதும், "ம்" என்று அவள் எழுந்து போவதும் வழக்கம். இன்று ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தேன். கால் மணி நேரம் கழித்து அவளாகவே பேசினாள். பரீட்சையைப் பற்றி இல்லை, தோழியோடு சண்டையாம். பாதியில் நான் அறிவுரை சொல்ல வாயைத் திறந்தேன். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முந்தானையில் ஒரு தையல் நூலைக் கட்டி, அதன் நுனியை என் கையில் கொடுத்தார் வாத்தியார். நூல் அறாமல் காட்சி முடிய வேண்டும். முதல் மூன்று தடவையும் அறுந்தது. நான் கெட்டவன் என்று கடைசி வரிசைவரை தெரிய வேண்டும் என்ற அவசரம்தான், வேறொன்றுமில்லை. நான்காவது தடவை அவருடைய பாதத்தை மட்டும் பார்த்தேன். எந்தக் கால் திரும்புகிறதோ அந்தப் பக்கம் கையை விட்டேன். நூல் நின்றது. முகம் என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்கே தெரியாது.

மே 18, ஞாயிறு, விடிகாலை

கூத்து முடிந்துவிட்டது. தூக்கம் வரவில்லை.

எட்டு மணிக்கு அரிதாரம் பூச உட்கார்ந்தோம். கிரீடம், புஜக்கட்டை, சலங்கை எல்லாம் கட்டி முடித்தபோது என் எடை இரண்டு மடங்கானது போல இருந்தது. துகிலில் கை வைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் காட்டினார்கள். அம்மன் விஷயம், விளையாட்டில்லை. பாஞ்சாலியின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். மஞ்சள் பூசிய அந்தக் கால் வயலில் வெடித்த கால். பிறகு அவர் சுற்றினார், நான் வாங்கினேன். கூட்டம் "கோவிந்தா! கோவிந்தா!" என்றது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி என்னைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். சென்னையில் இதுவரை யாரும் எனக்கு இப்படி விமர்சனம் எழுதியதில்லை.

அரிதாரம் கலைத்து டீ குடித்ததும் பாஞ்சாலி கூப்பிட்டார். புடவையை மடிக்க வேண்டுமாம். ஒரு முனை அவர் கையில், ஒரு முனை என் கையில். நான் பழக்கத்தில் தளர்வாகவே பிடித்திருந்தேன்.

"இப்ப இழு தம்பி, சுருக்கம் போகட்டும்" என்றார்.