வாவியின் மினுக்கமும் அவதிக் கோணமும்

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் நின்று பார்க்கையில் மாலை வெயிலில் வாவி மினுங்குவதை, ஒளி வெளியேறாமல் முழுவதும் ஊடகத்துக்குள்ளேயே திரும்பும் முழு உட்தெறிப்புக்கு உதாரணமாக எழுதும் உயர்தர வகுப்பு மாணவர்களை எங்கள் பகுதியில் அடிக்கடி காண்கிறேன். அது பிழையான உதாரணம். சூரிய ஒளி வளியிலிருந்து நீருக்குள் நுழைகிறது. ஒளியடர்த்தி குறைந்த ஊடகத்திலிருந்து கூடிய ஊடகத்துக்குச் செல்லும் ஒளிக்கு எந்தப் படுகோணத்திலும் (பரப்புக்குச் செங்குத்தான கோட்டுடன் படும் கதிர் அமைக்கும் கோணம்) முழு உட்தெறிப்பு நிகழாது. நண்பகலில் செங்குத்தாக விழும் ஒளியில் ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே நீர்ப்பரப்பில் தெறிக்கிறது. சூரியன் அடிவானை நெருங்கிப் படுகோணம் 85 பாகையாகும்போது அது 58 சதவீதமளவுக்கு உயர்கிறது. கண் கூசுவதற்கு இது தாராளமாகப் போதும், ஆனாலும் மீதி ஒளி நீருக்குள் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

முழு உட்தெறிப்புக்கு ஒளி எதிர்த்திசையில், நீரிலிருந்து வளிக்கு வர வேண்டும். அப்போது முறிகோணம் (வளைந்து வெளியேறும் முறிகதிர் அதே கோட்டுடன் அமைக்கும் கோணம்) படுகோணத்திலும் பெரிதாக இருக்கும் என்பதால், படுகோணத்தைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் முறிகதிர் நீர்ப்பரப்பை உரசியபடி 90 பாகையில் வெளியேறும். அந்தப் படுகோணமே அவதிக் கோணம். அதன் சைன் பெறுமானம் 1 ஐ முறிவுச் சுட்டியால் (ஊடகம் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் எண்) வகுக்கக் கிடைப்பது. முறிவுச் சுட்டி 1.333 ஆன நீருக்கு அது ஏறத்தாழ 48.6 பாகை, 1.5 ஆன கண்ணாடிக்கு ஏறத்தாழ 42 பாகை, 2.42 ஆன வைரத்துக்கு 24.4 பாகை. முறிவு விதி சரியாக அறியப்படாத 1611 ஆம் ஆண்டிலேயே வானியலாளர் கெப்லர் கண்ணாடிக்கு 42 பாகை என்று கண்டிருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் கலக்கும் காலத்தில் வாவி நீரின் முறிவுச் சுட்டி சற்றுக் கூடும், ஆயினும் அவதிக் கோணம் அரைப் பாகைகூட மாறாது.

ஆகவே வாவியில் முழு உட்தெறிப்பைக் காண்பவர் பாலத்தில் நிற்பவரல்லர், நீருக்குள் இருக்கும் மீனே. எங்கள் வாவியின் மீன்கள் பாடுவதாகச் சொல்லப்படுவதைப் பற்றித்தான் ஊர் பேசும். பௌதிகம் படிப்பவருக்கு அவை பார்ப்பதும் சுவாரசியமானது. அசைவற்ற நீரில் 1 மீற்றர் ஆழத்திலிருந்து மேலே நோக்கும் கண்ணுக்கு, வானம் முழுவதும் கரையோரத் தென்னைகளும் ஏறத்தாழ 2.3 மீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் ஒடுங்கித் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகி, வாவியின் அடித்தளத்தையே திருப்பிக் காட்டும். கலங்கிய வாவியில் இதைப் பார்ப்பது கடினம். காற்றில்லாத காலையில் பாசிக்குடாக் கடலில் முகக்கண்ணாடி அணிந்து மூழ்கிப் பார்க்கலாம்.

பாடநூல் வரைபடங்கள் மூன்று கதிர்களை வரைந்து காட்டுவதால், அவதிக் கோணம் வரை ஒளி முழுவதும் வெளியேறி, அதைத் தாண்டியதும் திடீரெனத் தெறிக்கிறது என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையில் பகுதித் தெறிப்பு தொடக்கத்திலிருந்தே உண்டு. நீருக்குள்ளிருந்து வரும் சாதாரண ஒளியில் 45 பாகையில் ஏறத்தாழ 14 சதவீதமும் 48 பாகையில் 43 சதவீதமும் தெறிக்க, எஞ்சிய அரைப் பாகை சொச்சத்துக்குள் அது நூறு சதவீதத்துக்குப் பாய்கிறது. இந்தக் கடைசிப் பாய்ச்சல்தான் பரிசோதனையில் பார்க்கத்தக்கது.

அதற்கு ஒரு மீன் தொட்டியும் சிறிய லேசர் விளக்கும் போதும். நீரில் சில துளி பால் கலந்தால் கதிரின் பாதை தெரியும். தொட்டியின் பக்கச் சுவர் வழியாகக் கதிரை மேல்நோக்கிச் சரித்துச் செலுத்தி, கண்ணில் படாதபடி கவனமாக, சரிவை மெல்லமெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள். நீருக்குள் திரும்பும் மங்கலான கதிர் முன்னரே அங்கே இருப்பதையும், வெளியேறும் கதிர் பரப்பை நோக்கிச் சாயச்சாய வலுவிழப்பதையும், அது மறையும் கணத்தில் உள்ளே திரும்பும் கதிர் முழுப் பிரகாசம் அடைவதையும் மாணவர்கள் தாமே காண்பார்கள். அரைவட்டக் கண்ணாடிக் குற்றி இல்லாத பாடசாலையிலும் இதைச் செய்துவிடலாம்.