பூட்டுத் தகட்டில் 1861: ஒரு பழைய ராணுவத் துப்பாக்கியின் வயதைக் கண்டறிந்த விதம்

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் தொங்கும் துப்பாக்கி 1857 கிளர்ச்சியில் பயன்பட்டது என்பது குடும்பத்தில் எவரும் கேள்வி கேட்காத செய்தியாக இருந்தது. 1972-ஆம் ஆண்டின் பழம்பொருள் சட்டம் நூறாண்டு வயதை அளவுகோலாகக் கொள்வதாலும், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் சரிசெய்தும் சுட முடியாத பழைய ஆயுதங்களைத் தனியே பிரித்துப் பார்ப்பதாலும், இதன் வயதை ஆதாரத்தோடு எழுதி வைக்க விரும்பினோம்.

உள்ளே தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்யத்தான் முதலில் அதைக் கையில் எடுத்தேன். குதிரையை (சுத்தியல் போல அடிக்கும் பாகத்தை) பின்னுக்கு இழுத்துவிட்டுக் குழலின் பின்பகுதியிலிருந்த இரும்புக் கட்டியைத் தூக்கியபோது, அது செல்லப்பெட்டி மூடியைப் போல வலப்பக்கமாகத் திறந்தது. 1857 என்ற கதை அந்த இடத்திலேயே முடிந்தது. அன்றைய சிப்பாய்கள் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்துக் குழலின் முன்வாய் வழியே மருந்தைக் கொட்டினார்கள். பின்னாலிருந்து தோட்டா போடும் இந்த ஸ்நைடர் அமைப்பையோ பிரிட்டிஷ் ராணுவம் 1866-இல்தான் ஏற்றது.

ஆனால், மென்மையான துணியும் சிறிது எண்ணெயும் கொண்டு துடைத்த பிறகு (உப்புத்தாள் பட்டால் முத்திரைகள் போய்விடும்), வலப்பக்கத்தில் சுடும் விசையமைப்பைத் தாங்கும் பூட்டுத் தகட்டில் ஒரு கிரீடமும், ‘டவர்’ என்ற ஆங்கில எழுத்துகளும், அவற்றோடு 1861 என்ற ஆண்டும் தெளிவாகத் தெரிந்தன. அமைப்பே ஏற்கப்படாத ஆண்டு அதில் எப்படி வந்தது?

மெட்ராஸ் சாப்பர்ஸ் படையிலிருந்து ஓய்வு பெற்ற, அதே தெருவில் வசிக்கும் முதிய ஹவில்தார் ஒருவரிடம் காட்டினேன். “தம்பி, பூட்டை மட்டும் நம்பாதீங்க, குழலையும் அளந்து பாருங்க” என்றார். அளந்ததில் முப்பத்தாறரை அங்குலம் வந்தது. முன்வாய் வழியே மருந்து போடும் பழைய என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் 39 அங்குலம். கிடங்குகளில் இருந்த அந்தத் துப்பாக்கிகளை வீணாக்காமல், குழலின் பின்பகுதியை வெட்டிவிட்டுப் புதிய பின்வாயைப் பொருத்தியே ஸ்நைடராக மாற்றினார்கள். பழைய பூட்டு அப்படியே தங்கிவிட்டது. பின்வாயின் மேலிருந்த, இரண்டு நட்சத்திரங்களோடு கூடிய ரோமன் இரண்டும் மாற்றியமைக்கப்பட்ட வகையையே குறித்தது. 1869-இல் வந்த ஸ்நைடரின் மூன்றாம் வகையென்றால் எஃகுக் குழலும், கட்டியை இறுக்கிப் பிடிக்கும் கொக்கியும் இருந்திருக்கும்.

துப்பாக்கிக் கட்டையின் பின்தகட்டில் இருந்த எண்ணைக் கொண்டு ஆண்டைத் தேட முயல்வது வீண். அது படைப்பிரிவு இட்ட எண்ணே தவிர, தொழிற்சாலை எண் அன்று. போலிகளில் தலைகீழாக விழும் எழுத்துகளோ, நேபாளத்தில் செய்தவற்றில் காணப்படும் தேவநாகரி எண்களோ இதில் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே “பூட்டு 1861, ஸ்நைடராக மாற்றியது 1866-க்குப் பின், மூன்றாம் வகைக்கு முந்தைய அமைப்பில்” என்று இரண்டு வரிகளாகப் பதிந்தோம். பெரியப்பாவுக்கு இது சற்று ஏமாற்றம்தான். எனினும், 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வெள்ளையர் படையைவிட ஒரு படி பழைய ஆயுதத்தையே கொடுப்பது அரசின் வழக்கமாக இருந்ததால், ஸ்நைடருக்கு அடுத்து வந்த மார்ட்டினி ஹென்றி துப்பாக்கி 1871-இல் ஏற்கப்பட்டு வெள்ளையரிடம் பரவிய பிறகே ஸ்நைடர் நம்மவர் கைக்குப் பரவலாக வந்திருக்க வேண்டும். கொள்ளுத்தாத்தா படையில் சேர்ந்த ஆண்டை இப்போது அந்தக் கணக்கோடு ஒப்பிட்டுத் தேடி வருகிறோம்.