சைலன்ஸ் பட்டனுக்குப் பழகிய விரல்

ஐசியூவில் நான்கு வருஷம் வேலை பார்த்தவளுக்கு வெண்டிலேட்டர் தேர்வெல்லாம் ஒரு விஷயமா என்ற மிதப்போடுதான் அன்று குடியாத்தத்தில் பஸ் ஏறினேன். வேலூரில் நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில் நர்சுகளுக்குத் திறன் மதிப்பீடு. காலையில் எழுத்து, மதியம் செய்முறை.

எழுத்துத் தேர்வில் சிரமமே இல்லை. தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்த வேண்டும், நோயாளியின் மூச்சுக்குழாய்க்குள் போகும் டியூபைச் சுற்றியுள்ள சிறு பலூனின் அழுத்தம், அதாவது கஃப் பிரஷர், 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும், சளியை உறிஞ்சி எடுக்க ஒரு தடவை செய்யும் சக்‌ஷன் 15 வினாடியைத் தாண்டக் கூடாது. எல்லாம் மனப்பாடம்.

செய்முறையில்தான் மாட்டினேன். படுக்கையில் பொம்மை நோயாளி, பக்கத்தில் நிஜ வெண்டிலேட்டர். நான் உள்ளே நுழையவும் காற்றுப் போகும் வழியில் அழுத்தம் ஏறினால் அடிக்கும் ஹை பிரஷர் அலாரம் அலறவும் சரியாக இருந்தது. விரல் நேராகப் போய் சைலன்ஸ் பட்டனை அமுக்கியது. அப்புறம் திரையில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். தேர்வு எடுத்த சீனியர் சிஸ்டர் பேசாமல் எதையோ குறித்துக்கொண்டார். ஏசி அறையிலும் எனக்கு வேர்த்தது.

“பேஷண்டுக்கு இன்னா ஆச்சுன்னு பாத்தியாம்மா?”

பார்க்கவில்லை. போர்வை மடிப்புக்குள் வெண்டிலேட்டர் குழாய் மடங்கிக் கிடந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, அதாவது சாச்சுரேஷன், எவ்வளவு, டியூப் உதட்டருகே பழைய குறியிலேயே நிற்கிறதா, இதில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. ராத்திரி டியூட்டியில் இருமினால், புரண்டால் என்று சும்மா சும்மா அடிக்கும் அலாரத்தை அமுக்கிப் பழகிய விரல் அது. அனுபவம் என்று நான் பெருமைப்பட்டதில் பாதி இந்தப் பழக்கம்தான் போலிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து மறுதேர்வு. அந்த வாரம் முழுக்க அலாரம் அடித்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதலில் நோயாளியின் நெஞ்சைப் பார்த்தேன். வார்டில் சிரித்தார்கள், சரி, சிரிக்கட்டும்.

மறுதேர்வில் சளி அடைப்பு. முதலில் 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்துவிட்டு சக்‌ஷன் செய்தேன். அலாரம் நிற்கவில்லை, சாச்சுரேஷன் இறங்கியது. வெண்டிலேட்டரைக் கழற்றி கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கை மாட்டி அமுக்கிக்கொண்டே டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். தேறிவிட்டேன், ஆனால் ஒரு மார்க் போனது. அம்பு பேக்கின் குழாயை மாட்டியவள் சுவரில் ஆக்சிஜனைத் திறந்துவிட மறந்திருந்தேன்.