ஓரியூரில் அம்மா செலுத்திய நேர்ச்சை

காளையார்கோவிலில் தொண்டி பஸ் ஏறி, திருவாடானையில் இறங்கி, ஓரியூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். பொங்கல் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அம்மாவின் காலடியில் 10 கிலோ அரிசிப் பை, கையில் ஜெபமாலை. நான் துணைக்குத்தான் போனேன். எதற்காகப் போகிறோம் என்ற கேள்வி மட்டும் மனசைவிட்டு நகரவே இல்லை.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது அம்மா ஓரியூரின் செம்மண் புனிதர் அருளானந்தரிடம் நேர்ந்துகொண்டாள். "எம்புள்ள எந்திரிச்சு வீட்டுக்கு வந்தா, அவனுக்கும் எனக்கும் மொட்டை. கோயிலுக்கு வர்றவங்களுக்கு ஒரு வேளைச் சோறு." 14 மாதம் போராடினோம். புரட்டாசியில் தம்பி போய்விட்டான். அவனுக்கு வயது 26.

எந்திரிச்சு வந்தால் என்றுதானே நேர்ச்சை? வரவில்லையே. பிறகு என்ன கடன் பாக்கி? இதை நான் அம்மாவிடம் கேட்டேன், ஒரு தரம் அல்ல, பல தரம். அம்மா பதில் சொல்லவில்லை. மார்கழிக் கடைசியில் ஒருநாள், "தை பொறந்ததும் ஓரியூர் போயிட்டு வந்துரணும்" என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபமாலை தவறாது. அம்மா முதல் பாதியைச் சொல்ல, மறுபாதியைத் தம்பியும் நானும் சொல்வோம். அவன் போன பிறகு நான் வாய் திறக்கவில்லை. அம்மாவே இரண்டு பாதியையும் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

திருவாடானை தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே கண்மாய், அறுப்புக்கு நிற்கிற நெல். வறண்ட சீமைக்கு அது நல்ல வருஷம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்த அம்மா, "கதிர் நல்லா முத்தியிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஓரியூரில் கால் வைத்ததும் கண்ணில் படுவது அந்த மண்தான். புனித அருளானந்தரின் ரத்தம் சிந்தியதால் சிவந்தது என்பது ஊர் நம்பிக்கை. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, இந்துக்களும் வந்து நெற்றியில் இட்டுக்கொள்வார்கள், முடிந்து எடுத்துப் போவார்கள். தம்பிக்கும் அதைத்தான் அம்மா ஒவ்வொரு டயாலிசிஸுக்கு முன்னாலும் பூசிவிட்டாள். கையில் அள்ளிப் பார்த்தேன். பொடிமணல், விரலிடுக்கில் வழிந்தது. உள்ளங்கை ரேகைகளில் மட்டும் சிவப்பு தங்கிவிட்டது. தம்பியின் தலையணை உறையில், எத்தனை தரம் துவைத்தும் போகாமல் இருந்த நிறம் அது.

அருளானந்தரின் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரியும். தம்பி படுத்திருந்த நாட்களில்தான் நான் அதை முழுசாக வாசித்தேன். 1647இல் லிஸ்பனில் பிறந்தவர், ஜான் டி பிரிட்டோ. போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசருக்குத் தோழனாக வளர்ந்த பிள்ளை. சிறு வயதில் கடும் நோய் கண்டு பிழைப்பானா என்று ஆனபோது, தாய் பியாத்ரிஸ் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டாள். மகன் பிழைத்தால் ஒரு வருஷம் சேசு சபைத் துறவிகளின் அங்கியை உடுத்தி வைப்பதாக. மகன் பிழைத்தான். அந்த அரண்மனையில் சின்ன அங்கியோடு ஒரு வருஷம் திரிந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை வாசித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! ஒரு தாயின் நேர்ச்சை, ஒரு பிள்ளையின் உயிர். நமக்கும் அப்படித்தான் நடக்கும் என்று நம்பினேன். அதற்குப் பிறகுள்ள கதையை அப்போது நான் மனசில் வாங்கவே இல்லை.

அந்தப் பிள்ளை பெரியவனாகி, சேசு சபையில் சேர்ந்து, 1673இல் கப்பலேறி வந்துவிட்டது. மதுரை மிஷனில் பண்டாரசுவாமி என்னும் தமிழ்த் துறவியின் உடை, மரக்கறி உணவு, அருளானந்தர் என்று பெயர். 1686இல் மறவ நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். விடுதலையாகி ஐரோப்பா போனவரை அங்கேயே இருத்திக்கொள்ளப் பார்த்தார்கள். அவர் திரும்பி வந்துவிட்டார். அப்புறம்தான் மறவர் தலைவர் தடியத்தேவர் விஷயம். நோயில் கிடந்த அவருக்காக ஓர் உபதேசியார் ஜெபித்து நற்செய்தி வாசித்தார், தேவர் குணமானார். ஞானஸ்நானம் கேட்டார். அதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். முறையீடு அரண்மனைக்குப் போனது. அருளானந்தர் கைதாகி ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி வெட்டப்பட்டார். அப்போது அவருக்கு வயது 45.

ஒருவருடைய ஜெபத்துக்குக் கிடைத்த சுகம்தான் இன்னொருவரை வெட்டுக்களத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. நேர்ச்சை வைத்து மீட்ட பிள்ளையைத்தான் பியாத்ரிஸ் இந்த மண்ணில் பறிகொடுத்தாள். தம்பி போன பிறகு, "உங்க விசுவாசம் பத்தலை, அதான்" என்று உறவில் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இன்று வரும். அப்படியானால் இந்த மண்ணில் முழங்காலில் நின்றவருக்கும் விசுவாசம் பத்தவில்லையா? முள்ளை எடுத்துவிடும் என்று மூன்று முறை கேட்டு, "என் அருள் உனக்குப் போதும்" என்ற பதிலோடு நடந்த பவுலுக்குப் பத்தவில்லையா? "இத்துன்பக் கிண்ணம் என்னிடமிருந்து அகலட்டும்" என்று இயேசுவே கேட்டாரே, அவருக்கும் அகலவில்லையே? பிள்ளையைப் புதைத்த வீட்டில் போய் விசுவாசத்தை அளந்து பார்க்க யாருக்கும் உரிமை கிடையாது.

மொட்டை போடுகிற இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். நரைத்த கூந்தல், அவிழ்த்துவிட்டால் இடுப்புவரை வரும். தண்ணீர் தெளித்து ஊறவைத்துக்கொண்டே, "பேரப்புள்ளைக்கு நேந்துக்கிட்டீகளா ஆத்தா?" என்று கேட்டார் மொட்டை போடுபவர்.

"மகனுக்கு."

"சொகமாயிட்டாரா?"

"செத்துப் போயிட்டான்யா. நீங்க எடுங்க."

அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு எதுவும் பேசாமல், குழந்தைக்கு எடுப்பதுபோல அவ்வளவு மெதுவாகச் சிரைத்தார். காசு கொடுத்தபோது வேண்டாம் என்றார். அம்மா அவர் கையில் திணித்துவிட்டு வந்தாள்.

தலையில் சந்தனம் பூசிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தபோது பியாத்ரிஸின் கதையைச் சொன்னேன். மகன் வெட்டுப்பட்ட செய்தி லிஸ்பனுக்குப் போனதும் ராஜா அந்தத் தாயை அரண்மனைக்கு வரச் சொன்னாராம். அவள் துக்க உடை உடுத்தாமல் திருநாள் உடையில் போனாளாம். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ராசா முன்னால அப்படிப் போயிருக்கும். வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு அழுதிருக்கும்."

"நீயும் அப்படித்தானேம்மா அழுற? அப்புறம் எதுக்கும்மா இந்த நேர்ச்சை? கேட்டது கெடைக்கலையே."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. "கெடைக்கலடி. ஆனா 14 மாசம் ராத்திரி பூரா நான் யாரோட பேசிக்கிட்டிருந்தேன்னு நெனைக்கிற? செவுத்தோடயா? அவன் வலியில கத்துறப்ப ஒங்க அப்பாவும் தூங்கிருவாக, நீயும் அசந்துருவ. முழிச்சிருந்தது அவரு ஒருத்தருதான். இப்பப் போயி, நீ குடுக்கல, நானும் குடுக்கலன்னு அவருகிட்ட கணக்குப் பாக்கச் சொல்றியா?"

எனக்குப் பேச்சு எழவில்லை. ஜெபம் கேட்கப்பட்டதா என்பதற்கு நான் மருத்துவ அறிக்கையில் பதில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் அளவு இறங்கினால் கடவுள் கேட்டார், ஏறினால் கேட்கவில்லை. அந்த ராத்திரிகளில் அம்மா கையில் எந்த அறிக்கையும் இல்லை. வெட்டுவதற்கு முன் ஜெபிக்க நேரம் கேட்டு அருளானந்தர் முழங்காலில் நின்றாரே, அவர் என்ன கேட்டிருப்பார்? உயிரைக் கேட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். நெடுநாள் பேசிப் பழகியவரோடு பேசியிருப்பார்.

அப்புறம் சோறு பொங்கினோம். பக்கத்தில் ஒரு குடும்பம் கிடா வெட்டிச் சமைத்துக்கொண்டிருந்தது, பேரனுக்கு முதல் மொட்டையாம். எங்களுடையது வெறும் சாம்பார் சாதம்தான். அவர்கள் கறி கொண்டுவந்து கொடுத்தார்கள், எங்கள் சோற்றை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் குழந்தையின் மொட்டைத் தலையை அம்மா தடவிக் கொடுத்தாள். அதுவும் அம்மாவின் தலையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது. பாத்திரம் காலியாகும்வரை அம்மா உட்காரவே இல்லை. ஒவ்வொரு இலைக்கும், "இன்னும் கொஞ்சம் வச்சுக்கப்பா" என்றாள், தம்பியிடம் சொல்கிற அதே குரலில்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. முந்தானை நுனியில் செம்மண்ணை முடிந்திருந்தாள். தெருவில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பம் தங்கவில்லையாம், அவளுக்குக் கொடுக்க. கருவேலங்காட்டுக்குப் பின்னால் பொழுது இறங்கியபோது ஜெபமாலையை எடுத்தாள்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க..." முதல் பாதியைச் சொல்லி முடித்து, மறுபாதியையும் தானே சொல்ல மூச்சு இழுத்தாள்.

"தூய மரியே, இறைவனின் தாயே" என்றேன் நான். குரல் கரகரத்தது. அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த மணிக்கு விரலை நகர்த்தினாள்.