மேன்கோசெப் கன்டெய்னர் ஒன்றை வியட்நாமுக்கு அனுப்பி முடித்த அனுபவம்

சிங்கப்பூரில் பாய லேபாரில் ஒரு சின்ன டிரேடிங் கம்பெனியில் டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். குஜராத்தில் வாங்கி வியட்நாமில் விற்கிறோம். சரக்கு சிங்கப்பூரில் கப்பல் மாறினாலும் கன்டெய்னரை இங்கே யாரும் திறப்பதில்லை, எங்கள் கைக்கு வருவது காகிதம் மட்டும்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

போன ஆர்டர் மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி, 80 சதவீதத் தூள். 25 கிலோ பைகள் 640, ஒரு இருபதடி கன்டெய்னர், குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்திலிருந்து வியட்நாமின் கட் லாய் துறைமுகத்துக்கு. புதுக்கோட்டையில் கடலைச் செடிக்கு இலைப்புள்ளி வந்தால் அப்பா அடிக்கும் அதே மருந்து. ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் இதற்கு அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டது, இனப்பெருக்கத்துக்குக் கேடு என்பது அதற்கு ஒரு காரணம். அன்றிலிருந்து ஊருக்குப் பேசும்போதெல்லாம் கையுறை போட்டீர்களா என்று அப்பாவைக் கேட்காமல் போனை வைப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புக்கிங் கேட்ட இரண்டாம் நாளே ஷிப்பிங் லைனின் அபாயச் சரக்குப் பிரிவு மறுத்துவிட்டது. தொழிற்சாலை கொடுத்த பாதுகாப்புத் தாளில் 14ஆம் பகுதி 'போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இல்லை' என்றது, ஆனால் அதே தாளின் 12ஆம் பகுதியில் நீர்வாழ் உயிரினங்களுக்கு மிகுந்த நச்சு என்று போட்டிருந்தது! அப்படிப்பட்ட சரக்கு யு.என். 3077 என்ற அபாயச் சரக்கு எண்ணில், 9ஆம் வகுப்பு, கடல் மாசுபடுத்தி என்றுதான் போக வேண்டும், பைகளில் செத்த மீனும் மரமும் போட்ட குறியும் இருக்க வேண்டும். லைன் அதோடு விடவில்லை, தானாகச் சூடேறுமா என்ற சோதனை அறிக்கையும் கேட்டது. எனக்கு அதில் கோபமே வரவில்லை. மேன்கோசெப் ஈரமும் சூடும் பட்டால் சிதையும், அப்போது எளிதில் தீப்பற்றும் கார்பன் டைசல்ஃபைடு வெளிவரும், அந்தக் கப்பலில் ஆட்கள் இருக்கிறார்கள். திருத்திய தாளும் அறிக்கையும் வந்து சேர எட்டு நாள் ஆனது. எல்.சி.யில் (டாக்குமென்ட் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) இருந்த கடைசி ஷிப்மென்ட் தேதிக்கு இரண்டு நாள் முன்புதான் கப்பலில் ஏறியது.

அப்புறம் எல்.சி. ஷிப்மென்ட் தேதியிலிருந்து 21 நாளுக்குள் டாக்குமென்ட்டை வங்கியில் கொடுக்க வேண்டும், வங்கி பார்த்துச் சொல்ல ஐந்து வேலை நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். சப்ளையர் பெயர் வாங்குபவருக்குத் தெரியாமலிருக்க பில் ஆஃப் லேடிங்கை (சரக்கை ஏற்றியதற்கு ஷிப்பிங் லைன் தரும் ரசீது) இங்கே மாற்றி எடுப்போம், அதிலேயே சில நாள் போய்விட்டது. பன்னிரண்டாம் நாள் கொடுத்தேன், பதினாறாம் நாள் வங்கியிலிருந்து போன்: எல்.சி.யில் 'நீல நிறம்' என்று இருக்கிறது, உங்கள் இன்வாய்ஸில் நிறமே இல்லை, தொழிற்சாலை கொடுத்த ஆய்வுச் சான்றிதழிலோ 'மஞ்சள் தூள்' என்று இருக்கிறது.

வியட்நாமில் நீல மேன்கோசெப், மஞ்சள் மேன்கோசெப் என்று தனித்தனியாகவே விற்கிறார்கள். மஞ்சள்தான் இதன் இயல்பான நிறம், சாயம் சேர்த்தால் நீலம். இன்வாய்ஸ் என் தவறு, பத்து நிமிடத்தில் திருத்தினேன். சான்றிதழைத்தான் அப்படித் திருத்தச் சொல்ல முடியாது, உண்மையிலேயே மஞ்சளை ஏற்றியிருந்தால்? தொழிற்சாலையின் எக்ஸ்போர்ட் பிரிவில் திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவர் இருக்கிறார். "அக்கா, இருங்க, லேபுக்கே போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்றார். அந்த லாட்டுக்கு எடுத்து வைத்திருந்த மாதிரியைப் பிரித்து, லாட் எண் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பினார். வெள்ளைக் கையுறையின் விரல் நுனிகளில் நல்ல நீலம். சான்றிதழ்தான் பழைய படிவத்தில் அடித்தது. புதிய அசல் கூரியரில் வந்து, இருபதாம் நாள் மதியம் வங்கியில் மறுபடி கொடுத்தேன்.

பணம் வந்தது. வாங்கியவர் கன்டெய்னர் கதவு திறந்த படத்தை அனுப்பியிருந்தார், பைகளில் ஈரத்தின் சுவடே இல்லை. அடுத்த ஆர்டர் மஞ்சள், இரண்டு கன்டெய்னர். இந்தத் தடவை பாதுகாப்புத் தாளை வாங்கி 12ஐயும் 14ஐயும் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகுதான் புக்கிங்குக்கு எழுதினேன்.